ஹேண்ட்பிரேக்கின் மேல் ஒரு கை

ஜூன் 3, 2025, செவ்வாய்

பல்லடத்தில் இவருடைய மில் சிநேகிதர் புதுவீட்டுப் பால் காய்ச்சலுக்குப் போய் வந்தோம். போகும்போதே வண்டி கனத்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றில் நடக்கிற மாதிரி ஒரு மந்தம். வீட்டுக்கு வந்து இறங்கியபோது பின்சக்கரத்துப் பக்கம் கருகல் வாசம்.

"கிளட்ச்சுல காலை வெச்சுட்டே ஓட்டறே கிருபா" என்றார் இவர். எட்டு மாதமாகச் சொல்கிறார். எட்டு மாதமாக நான் வைப்பதில்லை.

போன வருடம் கண் டாக்டர் இவரை இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம். நேரே இருப்பது தெரியும். இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியாது, குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான். அன்றைக்கு வந்து கார் சாவியைப் பிரிட்ஜ் மேல் வைத்தார். பதினாறு வருடம் இவர் கையில் இருந்த சாவி. மூன்று வாரம் கழித்து நான் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ். முப்பது வருடம் டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து ஊரில் எல்லோரையும் எல்லோரோடும் சேர்த்து வைத்தேன், நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன். இப்போது நானே போகிறேன், நானே வருகிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் எனக்குத் தூக்கத்தில் மிதக்கிற மாதிரி இருக்கிறது. கண் விழித்துக்கொண்டே காணும் கனவு, ஆனால் இண்டிகேட்டர் போட வேண்டும்.

இவருக்கு அப்படி இல்லை. இடதுபக்க சீட்டில் உட்கார்ந்ததும் வலது கையை எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் ஹேண்ட்பிரேக் மேல் வைத்துக்கொள்கிறார். இறங்கும்போதுதான் எடுக்கிறார். கை வைக்க இடம் வேண்டாமா என்கிறார். வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 5, வியாழன்

ரசாக் பாயின் பட்டறைக்குப் போனோம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முன்சக்கரத்துப் பேடு பிஸ்கட் கனம். பின்சக்கரத்தது அப்பளம்.

"நியாயமா முன்னாடி பேடுதானுங்கம்மா மொதல்ல தேயோணும். இது தலைகீழா இருக்குது. ஹேண்ட்பிரேக்க எறக்காமயே ஓட்டியிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் இறக்காமல் ஒரு நாளும் ஓட்டியதில்லை. மறந்திருந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியுமே என்று கேட்டேன். பாய் சாவியைத் திருப்பி, ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்துக் காட்டினார். விளக்கு எரியவில்லை. அதற்கான சுவிட்ச் செத்து எத்தனை வருடமோ என்றார்.

நீங்களாவது சொல்லுங்கள் என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

பின்சக்கரத்துக்குப் புதுப் பேடு போட்டாயிற்று. ஹேண்ட்பிரேக் மட்டும் லொடலொட என்று மேலே வருகிறது. முன்பு ஐந்து ‘கடக்’ சத்தத்தில் பிடிக்கும். இப்போது பத்து, பதினொன்று, உச்சிக்குப் போய் லேசாகத் தொடுகிறது.

ரசாக் பாய் விளக்கினார். புதுப் பேடு கனமாக இருப்பதால் கேபிளைத் தளர்த்தித்தான் மாட்ட முடிந்ததாம். ஒரு முன்னூறு கிலோமீட்டர் ஓடிப் பேடு படிந்ததும் வந்தால் சரியாக இறுக்கித் தருகிறாராம். அதுவரைக்கும் எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டு நிறுத்தச் சொன்னார். "ஹேண்ட்பிரேக்க நம்பிடாதீங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

கியரில் நிறுத்துவதாம். எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரே கேட். பின்னால் வந்து நிறுத்துகிறவர்கள் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கும் போடாமல் விட்டுப் போக வேண்டும். அப்போதுதான் முன்னால் நிற்பவர்கள் கிளம்பும்போது தள்ளிக்கொள்ள முடியும். மாடி வீட்டு ஹர்ஷிணி தினமும் காலையில் ஒரு கையில் டிபன் பையோடு இன்னொரு கையால் என் வண்டியைத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். கியரில் விட்டால் காம்பவுண்டே திட்டும். பழகின விரல் தானாக நியூட்ரலுக்குத்தான் போகும்.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். கனவில் எங்கள் கார் யாரும் இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது. அவசரமே இல்லை அதற்கு. நான் பழைய எக்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன். ஊரெல்லாம் போன் செய்கிறது. உங்க கார் குளக்கரையில நிக்குதுங்க. உங்க கார் சூலூர் சந்தையில காய் வாங்குதுங்க. சரிங்க, சரிங்க என்று எல்லோருக்கும் பதில் சொல்கிறேன். எனக்குக் கவலையே இல்லை.

எழுந்து ஜன்னலில் பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஜூன் 14, சனி

வெள்ளகோவில் போய் ரெபேக்காவைப் பார்த்து வந்தோம். எங்கள் ஒரே மகள், அங்கே பேங்கில் வேலை. முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம். மாப்பிள்ளை ஜேக் கப்பலில் இருக்கிறார், அக்டோபர் கடைசியில்தான் வருவார். அதனால் பேங்க் லீவு விடும் சனிக்கிழமைகளில் நாங்கள் போகிறோம். எண்பத்தைந்து கிலோமீட்டர்.

இன்று வண்டி பறந்தது. அந்த மந்தமெல்லாம் போய், லேசாக மிதித்தாலே போகிறது. புதுப் பேடின் மகிமை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

காங்கேயம் தாண்டியதும் எதிரே ஒரு டேங்கர் லாரி. நான் நிதானமாக ஒதுங்கினேன். அப்போது ஓரக்கண்ணில் பார்த்தேன். இவர் கட்டைவிரல் ஹேண்ட்பிரேக் நுனியில் இருக்கும் பொத்தானை அழுத்தியது. அழுத்திக்கொண்டே இழுத்தால் கடக் சத்தம் வராது. கை சத்தமில்லாமல் மேலே எழுந்தது, முழங்கை உயரத்துக்கு. வண்டி கண்டுகொள்ளவேயில்லை. லாரி போனதும் கை இறங்கியது. இவர் மூச்சு விட்டார்.

அப்புறம் ஒரு மாட்டு வண்டிக்கு. ஒரு வேகத்தடைக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. காங்கேயத்திலிருந்து வெள்ளகோவிலுக்குள் பதினொரு தடவை. திரும்பி வரும்போது எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் எட்டு மாதமாக வண்டி கனத்தது இவர் கையால். பின்பேடு அப்பளம் ஆனது இவர் கையால். என் கால் மேல் பழி போட்டு, ரசாக் பாய் என்னைத் திட்டும்போது காலண்டர் படித்த மனுஷன்!

பல்லடம் வரைக்கும் கோபம். காற்றாலைகள் வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கறே என்றார். சும்மாதான் என்றேன்.

கேட்கப் போவதில்லை. ரசாக் பாயிடமும் இப்போதைக்குப் போகப் போவதில்லை. கேபிள் தொளதொளவென்றே இருக்கட்டும். இவர் பிடித்துக்கொண்டிருக்கட்டும், நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோவிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா என்று யோசித்தேன். இதில் பாவம் யாருடையது என்று தெரியாததால் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

மறுபடி வெள்ளகோவில். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று வண்டியை முதுகில் கை வைத்துத் தள்ளியது. வானத்தில் மேகம் கிழக்கே போகிறது, கீழே நாங்களும் கிழக்கே போகிறோம், யார் யாரை இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. காற்றாலைகள் எல்லாம் மெதுவாகச் சுற்றின. எங்கே போகிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது, கை மட்டும் தானாக ஓட்டியது. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருபது வயதில்கூட வந்ததில்லை. அப்போது கிடைத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பேனோ? தெரியவில்லை. இப்போதாவது கிடைத்ததே.

இவர் கை ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. பாவமாகவும் இருக்கிறது. அந்தக் கை இல்லையென்றால் இவரால் இந்த சீட்டில் உட்காரவே முடியாது போல.

ஜூலை 9, புதன்

சண்டை.

செப்டம்பர் கடைசியில் ரெபேக்காவுக்கு லீவு ஆரம்பம். ஒன்பதாம் மாதம். இங்கே கூட்டி வர வேண்டும், பிரசவம் இங்கேதான். நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று சும்மாதான் சொன்னேன். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், டாக்சிக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சூலூர்க்காரர், நல்ல டிரைவர், முப்பது வருட சர்வீஸ்.

ஏன், என் வண்டிக்கு என்ன என்றேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. புள்ளத்தாச்சிய உன்னை நம்பி எப்படி ஏத்தறது?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். தான் பக்கத்தில் இருப்பதால்தான் இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது என்று வேறு சொன்னார். எதனால் என்று நன்றாகவே தெரியும் எனக்கு. நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு ரசம் ஊற்றினேன்.

என் மகளை என் வண்டியில் நான் கூட்டி வர வேண்டும். வேறு எதுவும் இந்த வருடம் நான் கேட்கவில்லை. முப்பது வருடம் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். என் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வர இன்னொரு ஆளா?

ஜூலை 12, சனி

போக வர நூற்று எழுபது கிலோமீட்டர். ஒரு தடவைகூட இன்ஜின் அணையவில்லை, ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

ரசாக் பாய் போன் செய்தார். ஆயிரம் கிலோமீட்டரே ஓடியிருக்குமே, இன்னும் வரக்காணோமே என்றார். அடுத்த வாரம் வாரேன் பாய் என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். "கியர்லதானுங்களே நிறுத்தறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது இன்னொரு பொய்.

இறுக்கிவிட்டால் மறுபடி வண்டி கனக்கும். மறுபடி கிளட்ச்சில் காலை வைக்கிறாய் என்பார். செப்டம்பர் வரைக்கும் இப்படியே போகட்டும். நான் நன்றாக ஓட்டுவதை இவர் பார்க்கட்டும், அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 9, சனி

எழுதினால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

வெள்ளகோவிலுக்கு இன்னும் சிறிது தூரம்தான். ரோட்டை ஒட்டிச் சரிவாக இறங்கும் மண்தரையில் இளநீர்க் கடை. அதற்குக் கீழே பிஏபி பாசன வாய்க்கால், தண்ணீர் விட்டிருந்தார்கள். ரெபேக்காவுக்கு நாலு இளநீர் வாங்கலாம் என்று முகப்பைக் கீழ்நோக்கி வைத்து நிறுத்தினேன். நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கை உச்சி வரைக்கும் இழுத்தேன். பழக்கம், வேறென்ன. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்ததால் இவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார்.

கடைக்காரம்மா பெயர் பழனாத்தாள். மூன்றாவது இளநீரை அப்போதுதான் சீவினார். பேசிக்கொண்டே இருந்தவர் அரிவாளை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்கம்மிணி, வண்டி போவுதுங்க."

திரும்பிப் பார்த்தேன். ஜூன் மாதக் கனவில் பார்த்த மாதிரியே போனது. அவசரமே இல்லாமல், சத்தமே இல்லாமல். ஆனால் உள்ளே இவர் இருந்தார்.

ஓடினேன். ஐயோ, ஓடுகிறேன், ஓடுகிறேன், செருப்பு போய்விட்டது, எட்டவேயில்லை. பின்கண்ணாடி வழியாக இவர் முதுகு தெரிந்தது. வலது கை ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்து விடுகிறது. நேரே இருப்பது மட்டும்தான் இவருக்குத் தெளிவாகத் தெரியும். வாய்க்கால் நேரே இருந்தது.

கரைக்கு இந்தப் பக்கம் பழனாத்தாள் வருடக் கணக்காக வெட்டிப் போட்ட இளநீர் மட்டைகள் ஒரு குன்றாகக் கிடந்தன. வண்டி அதில் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அந்த மட்டைகள் இல்லையென்றால்? நினைக்க மாட்டேன். நினைக்க மாட்டேன்.

பழனாத்தாள் எனக்கு முன்னால் ஓடி ஒரு பெரிய கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்தார். கதவைத் திறந்தேன். இவர் கை இன்னும் ஹேண்ட்பிரேக்கை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

இவர் பழனாத்தாளைப் பார்த்துத்தான் சொன்னார். "எம்மேலதானுங்க தப்பு. நான்தான் சரியா இழுக்கல. கையில பலமில்ல."

நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோவிலுக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இனிமேல் வெள்ளகோவிலுக்கு நீ மட்டும் போய் வா என்கிறார். நான் வந்தால் பாரம்தான் என்கிறார். காலையில் வராந்தாவில் உட்கார்ந்து வலது கையை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். நான் செய்த வேலை இது. வண்டிக்கு ஒரு நெளிசல்கூட இல்லை. இவரைத்தான் உடைத்துப்போட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சொல்லிவிட்டேன்.

காபியை வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் கையில் பலம் இல்லாமல் இல்லை, கேபிள் தளர்ந்திருந்தது, பேடு மாற்றிய நாளிலிருந்தே அப்படித்தான், எனக்குத் தெரியும், ரசாக் பாய் கூப்பிட்டும் நான் போகவில்லை. நீங்கள் பொத்தானை அமுக்கி இழுப்பதை ஜூன் மாதமே பார்த்துவிட்டேன். இழுத்தால் வண்டி நிற்காது என்றுதான் அப்படியே விட்டேன். பாய் கியரில் நிறுத்தச் சொன்னார், அதையும் செய்யவில்லை.

காபியில் ஆடை கட்டியது.

"அப்போ இத்தன நாளா நான் எதைப் பிடிச்சுட்டு இருந்தேன்?"

அழுகை வந்தது, அழுதேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா பரலோகம் ஏறின திருநாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவு இடம்.

மதியம் தூக்கத்தில் எக்சேஞ்ச் வந்தது. எல்லா விளக்கும் எரிகிறது. எந்தத் துளையில் வயரைச் செருகினாலும் அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. யார் மூச்சு என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று பேசினார். பூசை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கணக்கு வாத்தியார் மாதிரி ஆரம்பித்தார். ஜூன் ஆறு பேடு போட்டது. ஆகஸ்ட் ஒன்பது வரைக்கும் எத்தனை தடவை வெள்ளகோவில் போனோம்?

ஐந்து என்றேன். அதற்கு நடுவே திருப்பூர், கண் ஆஸ்பத்திரி, ஒரு கல்யாணம்.

"டேங்கர் லாரி, மாடு, மழை, எல்லாம் வந்துச்சு. நான் இழுத்தேன். ஒண்ணுமே பிடிக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படின்னா ரெண்டு மாசமா நீ மட்டும்தான் ஓட்டியிருக்கே, கிருபா."

இதை நான் ஒரு தடவைகூட இப்படி யோசிக்கவில்லை.

பிறகு சொன்னார். ஜூன் மாதம் பேடைப் பார்த்த அன்றைக்கே இவருக்குத் தெரியுமாம், தன் கைதான் என்று. ரசாக் பாய் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாம். காலண்டரில் அன்றைக்கு என்ன தேதி தெரிந்தது என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தார். ஆனால் சிரித்தார், பார்த்தேன்.

பஸ்ஸில் இன்னொன்றும் சொன்னார், என் காதருகே. "ரெண்டு பக்கமிருந்தும் வர்றது எதுவும் தெரிய மாட்டேங்குது. திடீர்னு முன்னால வந்து நிக்குது. பயமா இருக்குது." முப்பத்திரண்டு வருடத்தில் இவர் வாயால் பயம் என்ற வார்த்தையைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கையைப் பிடித்துக்கொண்டேன். சிங்காநல்லூர் வரும்வரை விடவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ரசாக் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பாய் யாரையும் திட்டவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. நீங்க கெடுத்தத நீங்களே சரி பண்ணுங்க" என்றார்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். நான் டிரைவர் சீட்டில், கால் பிரேக்குக்கு. இவர் பக்கத்து சீட்டில், ஹேண்ட்பிரேக்குக்கு. பாய் பின்சக்கரத்தடியில் குந்தியிருந்து குரல் கொடுத்தார். மிதிங்கம்மா. விடுங்க. மிதிங்க. இழுங்க சார். எறக்குங்க. வெறும் கேபிளை மட்டும் இறுக்கினால் மறுபடி சக்கரம் சூடேறும், முதலில் கால் பிரேக்கை நன்றாக மிதித்துப் பேடை அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும், அப்புறம்தான் கேபிள் என்றார். ஒரு இருபது தடவை இருக்கும். வெயிலில் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. நான் மிதிக்க இவர் இழுக்க, நான் விட இவர் இறக்க, கொஞ்ச நேரத்தில் பாய் சொல்வதற்கு முன்பே செய்ய ஆரம்பித்துவிட்டோம்.

பிறகு பாய் ஹேண்ட்பிரேக்கின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் இவரை இழுத்து எண்ணச் சொன்னார். எட்டு. ஏழு. ஆறு. ஐந்தாவது கடக்கில் இவர் கை நின்றது. இதற்கு மேல் வராது என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்தது.

"அஞ்சுல பிடிக்கோணும், எறக்கினா சக்கரம் சும்மா சுத்தோணும். ரெண்டும் இருந்தாத்தானுங்க சரி" என்று பாய் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். சும்மா சுற்றியது.

செத்த சுவிட்சையும் மாற்றிவிட்டார். இப்போது ஒரு கடக் இழுத்தாலே சிவப்பு விளக்கு எரிகிறது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அதைப் பார்த்தார். "இனிமே திருட்டு வேல ஒண்ணும் நடக்காது போல" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

வெள்ளகோவில். இவரும் வந்தார். வழியில் பழனாத்தாளிடம் நிறுத்தினோம். நிறுத்திய கையோடு முதல் கியரில் போட்டேன். அப்படியும் அவர் கல்லை எடுத்துக்கொண்டு வந்து சக்கரத்துக்கு வைத்தார். "நானே வெச்சுக்கறனுங்க, நீங்க எறங்குங்க" என்றார். அன்றைக்கு ஓடும்போது போன செருப்பைத் தேடினேன். அதை இரண்டு வாரமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

வழியெல்லாம் இவர் கை ஹேண்ட்பிரேக் மேல்தான் இருந்தது. விளக்கு நாலு தடவை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் விளக்கைப் பார்த்தேன். உடனே இறக்கினார்.

செப்டம்பர் 13, சனி

விளக்கு ஒரே தடவை. அதுவும் நிஜமாகவே ஒரு நாய் குறுக்கே வந்தது. எனக்கே திக்கென்றது.

ரெபேக்காவின் வயிறு நன்றாகத் தெரிகிறது. டாக்சியா நீங்களா என்று அவள் அப்பாவைக் கேட்டாள். இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சூலூர்க்காரரிடம் பேசுவது உள்ளே கேட்டது. "வேண்டாமுங்க, எங்க வீட்டம்மா ஓட்டறாங்க" என்றார். அதை ஊருக்கே சொல்வது போலச் சத்தமாகத்தான் சொன்னார்.

நான் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தேன். என்ன என்று நினைவில்லை.

செப்டம்பர் 27, சனி

ரெபேக்காவைக் கூட்டி வந்துவிட்டேன்.

விடியற்காலையில் இங்கிருந்து போய், ஒன்பது மணிக்கு அங்கிருந்து கிளம்பினோம். பின்சீட்டில் இரண்டு தலையணை, நடுவில் அவள். முன்னால் இவர். ஏறி உட்கார்ந்ததும் வழக்கம் போலக் கை ஹேண்ட்பிரேக்குக்கு வந்தது. நான் பிரேக்கை இறக்கினேன். விளக்கு அணைந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காற்றுக் காலம் முடிந்துவிட்டது. காற்றாலைகள் பாதி நின்றிருந்தன. எதையும் யோசிக்காமல், மகள் மூச்சு விடுவதைப் பின்னால் கேட்டுக்கொண்டே, அறுபதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி இறக்கினேன். காங்கேயத்துக்கு முன்னால் டேங்கர் ஒன்று வந்தது. இவர் கை அசைந்தது. அசைந்து, இடது கையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. விளக்கு எரியவில்லை.

பல்லடம் தாண்டியபின் இவர் பக்கம் பேச்சே இல்லை. சூலூரில் ரெபேக்கா முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டாள்.

"அம்மா, அப்பா தூங்கிட்டாரு."

எட்டு மாதமும் அதற்கப்புறம் நாலு மாதமும் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இமைக்காமல் வந்தவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை என் பக்கம் சரிந்திருந்தது. இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன.

காம்பவுண்டு வாசல் கொஞ்சம் ஏற்றம். கேட் சாத்தியிருந்தது. ஹர்ஷிணி ஓடி வந்து திறந்துவிட்டு, ரெபேக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிப் போனாள். உள்ளே வந்து நிறுத்துங்க ஆன்ட்டி என்று சைகை காட்டினாள். கொஞ்சம் பொறு என்று நானும் சைகை காட்டினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் ஐந்து கடக் சத்தம். எழுந்துவிடுவார். பொத்தானை அழுத்திச் சத்தமில்லாமல் இழுக்கலாம், ஆனால் அந்தத் திருட்டு வேலை இனி வேண்டாம்.

கால் பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.